ஒற்றைக் கையில் பிறந்த பாட்டு

அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பாட்டின் முதல் சில நொடிகளை, கிடாரைக் கையில் எடுத்த அன்றே எவரும் வாசித்துவிடலாம். இடக்கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆறாவது தந்தி, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. பிறகு மறுபடி இரண்டாவது, மூன்றாவது. எல்லாமே விரல் படாத வெறுந்தந்திகள். குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இதை முதன்முதலில் வாசித்தபோது அவருடைய ஒரு கையில் தொலைபேசி இருந்தது, மறுமுனையில் அவருடைய காதலி. பேச்சு நடக்க நடக்க, மிஞ்சிய கை தன்பாட்டுக்குக் கிடாரை மீட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமான முறையில் சுருதி சேர்த்த கிடாரில் அந்த நான்கு தந்திகள் ஈ, ஜி, பி, மேல் ஈ. சேர்ந்து ஒலித்தால் ஈ மைனர். சோகத்துக்கென்றே இருக்கும் அந்தக் கார்டு, ஒரு விரலும் வைக்காமலே கிடாருக்குள் காத்திருக்கிறது. இதைக் கிடார் வாசிக்கிற எல்லோரும் அறிவார்கள். ஆனால் நடுவிலுள்ள ஐந்தாவது, நான்காவது தந்திகளைத் தாண்டிப் போவதில்தான் அழகு. அடியில் முழங்கும் தடித்த ஈ-க்கும் மேலே சிணுங்கும் மூன்று சுரங்களுக்கும் இடையே பெரிய வெற்றிடம் விழுகிறது. ஒரே கிடார், ஆனால் காதுக்கு இருவர் தொலைவில் நின்று வாசிப்பதுபோல் கேட்கிறது. விரல் அழுத்திய சுரம் விரலை எடுத்ததும் அறுந்துவிடும். வெறுந்தந்திக்கு அந்தக் கவலை கிடையாது. ஒன்று அடங்குமுன் அடுத்தது அதன்மேல் வந்து படிகிறது. ஏறி இறங்கும் அந்த ஆறு சுரங்களும் 6/8 தாளத்தின் ஒரு சுற்றுக்குள் அப்படியே அடங்குகின்றன. பாட்டு முழுவதற்கும் ஆன அசைவு அங்கேயே கிடைத்துவிட்டது.

ஹெட்ஃபீல்ட் இதைக் குழுவுக்காக எழுதவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவன் விட்டுவந்தவளை நினைத்துத் தனக்கென்று எழுதிக்கொண்டது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் அல்ரிக் காதில் அது விழுந்து, ஆல்பத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அவர் நின்றதால்தான் வெளியே வந்தது. அதை வெளியே விட ஹெட்ஃபீல்ட் தயங்கியதற்கு நியாயம் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் பவர் பேலட் என்கிற மெதுவான, உருக்கமான ராக் பாட்டு, தலைமுடியை ஊதிவிட்டுக்கொண்ட ராக் குழுக்களின் வழக்கமான சரக்கு. பாய்சன் குழுவின் ‘எவ்ரி ரோஸ் ஹாஸ் இட்ஸ் தார்ன்’ 1988 கடைசியில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. மெட்டாலிகாவோ வேகத்தாலும் முரட்டு ஓசையாலும் பெயர் வாங்கியவர்கள். 1984இல் வந்த ‘ஃபேட் டு பிளாக்’ மெதுவாகத்தான் தொடங்கும், ஆனால் அது சாவைப் பற்றிய பாட்டு, முடிவதும் வேகத்தில். பளபளப்பான பேலட் கூட்டத்தின் மேல் இவர்களுக்கு இருந்த வெறுப்பு ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ வீடியோவிலும் தெரிகிறது: அதில் லார்ஸ், அந்தக் கூட்டத்துப் பாடகர் கிப் விங்கரின் படத்தைச் சுவரில் ஒட்டி டார்ட் எறிகிறார்.

பாப் ராக் என்ற தயாரிப்பாளரின் கையில், வட ஹாலிவுட்டின் ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் பதிவான இந்தப் பாட்டு, 1991 ஆகஸ்ட்டில் ‘பிளாக் ஆல்பம்’ என்று எல்லோரும் அழைக்கும் தொகுப்பில் வந்தது. ஆறரை நிமிடப் பாட்டில் வார்த்தை தொடங்கவே ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. வானொலிக்குப் பாட்டுச் செய்கிறவர் எவரும் இவ்வளவு நேரம் கேட்பவரைக் காக்க வைக்கமாட்டார். எனக்கோ அந்த ஒரு நிமிடம் போதாது.

சரணம் ஈ மைனரிலிருந்து டி, அங்கிருந்து சி என்று படிப்படியாக இறங்குகிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில் ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் இதுவரை எல்லாம் நடபைரவி ராகத்தின் சுரங்கள். வரி முடியும் இடத்தில் ஜி வந்து, அதையடுத்து பி செவன் வருகிறது. அந்தக் கார்டுக்குள் டி ஷார்ப் இருக்கிறது, அதாவது காகலி நிஷாதம். அதுவரை டி-யில், அதாவது கைசிகி நிஷாதத்திலேயே பழகிய காது சட்டென்று நிமிர்கிறது. ஸட்ஜத்துக்கு அரைச் சுரம் கீழே நின்றுகொண்டு, வீட்டு வாசலில் கால் வைத்தாயிற்று என்று அந்தச் சுரம் சொல்கிறது. அடுத்த அடியில் ஈ மைனர். ஒவ்வொரு சரணத்திலும் இதே இடம் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதற்காகவே நான் காத்திருக்கிறேன்.

குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதுவரை ஹெட்ஃபீல்ட் பெரும்பாலும் கத்தியவர். இங்கே பாடுகிறார், அதுவும் தணிந்த குரலில், நீட்டிச் சிங்காரிக்காமல். வாக்கியங்கள் குட்டையானவை. சொல்லிவிட்டு நிறுத்துகிறார், கிடார் கொஞ்சம் போக விடுகிறார், பிறகு அடுத்ததைச் சொல்கிறார். தொலைபேசியில் பேசுகிறவனின் மூச்சுக் கணக்கு அது. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் பழைய உறுமல் எட்டிப் பார்க்கிறது. முழுக்க மென்மையாகியிருந்தால் நாம் அவரை நம்பியிருக்கமாட்டோம்.

ஆர்கெஸ்ட்ரா இசையை அமைத்தவர் மைக்கேல் கேமன். பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்துக்கு வேலை செய்தவர், ‘டை ஹார்ட்’ படத்துக்கு இசையமைத்தவர். இதே 1991இல் பிரையன் ஆடம்ஸின் ‘எவ்ரிதிங் ஐ டூ’ பாட்டையும் சேர்ந்து எழுதினார். அது பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் நின்ற பவர் பேலட். வயலின்களை எப்படிப் பொங்க வைப்பது என்று அவருக்குத் தெரியாதா என்ன! ஆனால் மெட்டாலிகாவின் ஆல்பத்தில் அவருடைய ஆர்கெஸ்ட்ரா கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பின்னால், தாழ்ந்த ஒலியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அது எப்போது நுழைந்தது என்று குறித்துச் சொல்வது கஷ்டம். மின்கிடாரும் டிரம்ஸும் இல்லாமல், குரலும் அக்கூஸ்டிக் கிடாரும் ஆர்கெஸ்ட்ராவும் மட்டும் ஒலிக்கும் ‘எலிவேட்டர்’ பதிப்பு என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டால்தான் கேமன் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்பது புரிகிறது. 1999 ஏப்ரலில் பெர்க்லியில் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியைக் கேமனே நடத்த, மெட்டாலிகா மேடையேறியபோது அந்த வயலின்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. அந்தப் பதிவு கம்பீரமானது, ஆனாலும் நான் ஆல்பத்தின் பக்கம். இருவருக்குள் நடந்த பேச்சு, அத்தனை கருவிகள் வந்து சேர்ந்த பிறகும் அதில் இருவருக்குள் நடந்த பேச்சாகவே இருக்கிறது.

இந்த வகைப் பாட்டுகளில் கடைசிச் சுற்றுக்குச் சுருதியை ஒரு படி ஏற்றிவிடும் வழக்கம் உண்டு, கைதட்டல் உறுதி. இதில் அது கிடையாது. ஈ மைனரிலேயே தொடங்கி ஈ மைனரிலேயே முடிகிறது. ஏற்றத்தை ஒரு கிடார் தனி வாசிப்புக்கு விட்டிருக்கிறார்கள். மெட்டாலிகாவில் தனி வாசிப்பது கர்க் ஹாமெட்டின் வேலை, அதிவேக விரல்கள் அவருக்கு. இந்தப் பாட்டின் ஸ்டுடியோப் பதிவில் அவர் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. தனியையும் ஹெட்ஃபீல்டே வாசித்தார். சுரங்கள் குறைவு. தந்தியை மேலே தள்ளிச் சுரத்தை இழுத்து உயர்த்தும் ‘பெண்ட்’ ஒவ்வொன்றும், பாடி முடித்தவன் சொல்லாமல் விட்டதைச் சொல்லவந்ததுபோல் தடித்த குரலில் வருகிறது. ஹாமெட் வாசித்திருந்தால் இன்னும் திறமையாக இருந்திருக்கும், பாட்டு வேறு ஒருவருடையதாகியிருக்கும்.

அமெரிக்கப் பட்டியலில் இது 34ஆம் இடத்தைத் தாண்டவில்லை, பிரிட்டனில் 6 வரை போயிற்று. 2021இல் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுக்காக 53 கலைஞர்கள் அதன் பாட்டுகளைத் தங்கள் போக்கில் பதிவுசெய்தபோது, பன்னிரண்டு பேர் தேர்ந்தெடுத்தது இந்த ஒரே பாட்டை. அவற்றுள் மைலி சைரஸ் பாடியதில் எல்டன் ஜான் பியானோவும் யோ-யோ மா செல்லோவும் வாசிக்கிறார்கள். இதுவரை எழுதப்பட்ட மிகச் சிறந்த பாட்டுகளுள் ஒன்று என்று எல்டன் ஜான் ஹெட்ஃபீல்ட் கேட்கவே வானொலியில் சொன்னார். எழுபது வயதைக் கடந்த, வாழ்நாளெல்லாம் பேலட் எழுதிய மனிதரின் தீர்ப்பு அது. சரியான தீர்ப்பு.