சொற்பட்டியலின் எல்லைகள்: ஆங்கில நலவியல், மருத்துவச் சொற்கல்வி குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழியில் பயின்றோர் உடல்நலம், நோய், மருத்துவம் சார்ந்த ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்கு இருமொழிச் சொற்பட்டியலையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என நிறுத்தும் இம்முறை, இரண்டு உண்மைகளை மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் பொதுவழக்குச் சொல்லும் துறைச்சொல்லும் வெவ்வேறு அடுக்கினைச் சார்ந்தவை என்பது ஒன்று. உடலையும் நோவையும் இரு மொழிகளும் ஒரே கோட்டில் பகுத்துக்கொள்வதில்லை என்பது மற்றொன்று. இவற்றை எடுத்துக்காட்டுகளின்வழி ஆராயும் இக்கட்டுரை, தாய்மொழியை விடைக்குறிப்பாக மட்டும் கொள்ளாமல் வேறுபாட்டை உணர்த்தும் கருவியாகவும் கொள்ள வேண்டும் என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவச் சொற்கள், சொற்கல்வி, இருமொழிப் பட்டியல், கலைச்சொல்லாக்கம், சாமுவேல் கிரீன், பொருண்மை வேறுபாடு

முன்னுரை

ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் நூல்களில் 'உடல் உறுப்புகள்', 'நோய்கள்', 'மருத்துவமனையில்' என்னும் தலைப்புகளில் அமைந்த சொற்பட்டியல்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், அதன் ஒலிப்பு தமிழெழுத்தில், வலப்பக்கம் தமிழ்ப்பொருள் என்பது இவற்றின் பொது அமைப்பு. மனப்பாடத்திற்கு எளிது என்பதால் இவ்வமைப்பு நிலைபெற்றுவிட்டது. ஆயினும், இது கற்பவரை எவ்விடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

இவ்வினாவிற்கு இன்று தனி முக்கியத்துவம் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்வழியில் உயிரியல் கற்ற மாணவர், முதலாண்டிலேயே ஆங்கிலத்தில் அமைந்த உடற்கூற்றியல் நூலை எதிர்கொள்கிறார். அயல்நாடு செல்ல விழையும் செவிலியர், மருத்துவத் துறையினருக்கென அமைந்த ஓ.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதுகின்றனர். அத்தேர்வின் பேச்சுப் பகுதி நோயாளியுடன் உரையாடும் பாங்கில் அமைந்தது. ஆகவே இச்சொற்கல்வி பொது அறிவுக்கான பயிற்சி என்னும் நிலையைக் கடந்து, தொழிலுக்கும் நோயாளியின் நலனுக்கும் உரியதாகிறது.

1. ஆங்கிலத்தின் ஈரடுக்கு

ஆங்கில மருத்துவச் சொற்களின் முதன்மையான இடர்ப்பாடு எண்ணிக்கையில் இல்லை. அவற்றின் அடுக்கில் உள்ளது. மக்கள் வழக்கில் 'கிட்னி' என வழங்கும் உறுப்பு, பெயரடையாகும்போது இலத்தீன் வேரிலிருந்து 'ரீனல்' என்றும், நோய்ப்பெயராகும்போது கிரேக்க வேரிலிருந்து 'நெஃப்ரைட்டிஸ்' என்றும் வடிவெடுக்கிறது. 'ஹார்ட்' என்பதற்கு 'கார்டியாக்', 'லிவர்' என்பதற்கு 'ஹெபாட்டிக்', 'ஸ்கின்' என்பதற்கு 'டெர்மல்' என இணைகள் அமைகின்றன. பெயர்ச்சொல்லுக்கும் அதன் பெயரடைக்கும் ஒலியுறவே இல்லாத இந்நிலை தமிழ் மாணவர்க்குப் புதிது. 'சிறுநீரகம், சிறுநீரக நோய், சிறுநீரக அழற்சி' எனத் தமிழில் ஒரே சொல் தொடர்ந்து வருவதை இதனோடு ஒப்பிடலாம்.

சொற்பட்டியல் இவ்வடுக்கைக் காட்டுவதில்லை. 'கிட்னி – சிறுநீரகம்' என்று ஒரு வரியும் 'ரீனல் – சிறுநீரகம் சார்ந்த' என்று வேறொரு பக்கத்தில் மற்றொரு வரியும் அமைவதால், இரண்டிற்குமான உறவு கற்பவர்க்குத் தெரியாமற்போகிறது. அதனினும் முக்கியமான ஒன்று உண்டு. தமிழ்ப் பேச்சுவழக்கில் கிட்னி, லிவர், ஹார்ட் என்பன ஏற்கெனவே படித்தவர் சொற்களாக, மருத்துவர் வாயிலிருந்து வரும் சொற்களாக மதிப்புப் பெற்றுவிட்டன. ஆங்கிலத்தில் எளிய வழக்காக உள்ள சொல், தமிழுக்குள் வந்து துறைச்சொல்லின் தகுதியை அடைந்திருக்கிறது. இம்மதிப்பை அப்படியே ஆங்கிலத்திற்கு ஏற்றிச் செல்லும் மாணவர், எச்சொல்லை நோயாளியிடமும் எச்சொல்லை மருத்துவக் குறிப்பிலும் ஆள வேண்டும் என்பதில் தடுமாறுவது இயல்பே.

இவ்விடத்தில் தமிழின் சொந்த அடுக்குமுறை துணையாக நிற்கக்கூடும். காய்ச்சல் என்பது மக்கள் வழக்கு; சுரம் என்பது சித்த மருத்துவ நூல்வழக்கு. வயிற்றுப்போக்கு, கழிச்சல், அதிசாரம் ஆகியனவும், சர்க்கரை நோய், நீரிழிவு, மதுமேகம் ஆகியனவும் அவ்வாறே வெவ்வேறு சூழலுக்குரியவை. ஒரே நோய்க்கு இடமறிந்து வேறுவேறு சொல் வழங்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தின் ஈரடுக்கை இவ்வழக்கோடு பொருத்திக் கற்பித்தால், அது மனப்பாடச் சுமையாகத் தோன்றாமல் அறிந்த ஒழுங்கின் மற்றொரு வடிவமாகத் தோன்றும்.

2. பொருந்தாத எல்லைகள்

உடலைப் பகுத்துப் பெயரிடுவதில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. 'கை' என்னும் தமிழ்ச்சொல் தோள் முதல் விரல் வரை முழுவதையும் குறிக்கும். ஆங்கிலம் அதனை 'ஆர்ம்', 'ஹேண்ட்' என இரண்டாகப் பிரிக்கிறது. 'கால்' என்பதும் 'லெக்', 'ஃபுட்' எனப் பிரிகிறது. தமிழில் உள்ளங்கை, முன்கை, பாதம் என நுண்பெயர்கள் இருந்தாலும், அடிபட்டவர் 'கையில் அடி' என்றே கூறுவார். 'ஹேண்ட் – கை' எனக் கற்ற மாணவர் அதனை 'ஹேண்ட் இஞ்சுரி' எனக் குறித்தால், முழங்கைக்கு மேற்பட்ட காயம் மணிக்கட்டுக்குக் கீழே இடம்பெயர்ந்துவிடும்.

'சளி' என்பது மூக்கில் வடிவதையும், நெஞ்சிலிருந்து வெளிப்படுவதையும், அவற்றோடு வரும் உடல்நிலையையும் ஒருசேரக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இவை 'மியூக்கஸ்', 'ஸ்பியூட்டம்', 'கோல்டு' என மூன்றாகும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் வேண்டப்படுவது இவற்றுள் இரண்டாவது மட்டுமே. 'மயக்கம்' இதனினும் விரிந்தது. தலைசுற்றல், நினைவிழப்பு, அரைத்தூக்க நிலை ஆகிய மூன்றையும் அது தழுவி நிற்கும். 'மயக்கமாக இருக்கிறது' என்பதும் 'மயங்கி விழுந்தார்' என்பதும் மருத்துவர்க்கு வேறுவேறு நோய்க்குறிகள். முன்னது 'டிஸினஸ்', பின்னது 'சின்கோப்பி'. பட்டியலில் 'மயக்கம்' என்பதற்கு எதிரே ஒரு சொல்லை மட்டும் எழுதும்போது, நோயறிதலில் முதலில் எழ வேண்டிய வினாவே அடைபட்டுப்போகிறது.

எல்லை வேறுபாடு எப்போதும் தமிழின் பக்கத்தில் மட்டும் அமைவதில்லை. நெஞ்செரிச்சலை ஆங்கில மக்கள் வழக்கு 'ஹார்ட்பர்ன்' என்கிறது. இதயத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை, இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவதால் வரும் எரிச்சல் அது. தமிழின் 'நெஞ்சு' மார்பையும் உள்ளத்தையும் சேர்த்துக் குறிப்பதனால், இவ்விடத்தில் தமிழ்ச்சொல்லே உண்மைக்கு நெருக்கமாக அமைந்துவிடுகிறது. இத்தகைய ஒப்பீடு வகுப்பறையில் நிகழ்ந்தால் மாணவர் இரு மொழிகளின் இயல்பையும் ஒருங்கே உணர்வர்.

3. தமிழுக்குள் பொருள் மாறிய ஆங்கிலச் சொற்கள்

பேச்சுத்தமிழில் கலந்துள்ள ஆங்கில மருத்துவச் சொற்களை மாணவர் 'ஏற்கெனவே தெரிந்தவை' எனக் கருதுவதால் பட்டியல்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவற்றுட் பல பொருள் மாறியவை. 'எனக்குப் பிரஷர் இருக்கிறது' என்பதில் பிரஷர் என்பது உயர் இரத்த அழுத்தம் மட்டுமே. 'சுகர்' என்பது நோயின் பெயர். 'அல்சர்' என்பது வயிற்றெரிச்சல் எதற்கும் வழங்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலத்திலோ அது வாயிலும் தோலிலும் காலிலும் தோன்றும் புண்ணையும் குறிக்கும். 'கேஸ்' என்பது செரிமானக் கோளாறு முதல் மார்புவலி வரை நீள்கிறது. மார்புவலியைக் 'கேஸ்' எனக் கருதிச் சிகிச்சைக்குத் தாமதிப்பதன் இடரை எண்ணினால், இது சொல்லாராய்ச்சி மட்டும் சார்ந்த சிக்கல் இல்லை என்பது விளங்கும். தெரிந்த சொல்லை மறுபடியும் கற்பிப்பதே இங்குத் தேவையான பயிற்சி.

4. நோவின் சொற்களும் தொடரமைப்பும்

வலியை விவரிக்கும் சொற்கள் மருத்துவத்தில் அளவைக் கருவியாகவே பயன்படுகின்றன. ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியுள்ளது. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே வலியின் தன்மையையும் அளவையும் காட்டும் என்பது அதன் அடிப்படை. தமிழிலும் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, திருகல் என இச்சொல்வளம் செறிவாக உள்ளது. மூட்டுக்குக் குடைச்சலும் சிறுநீர் கழிப்பதற்குக் கடுப்பும் எரிச்சலும் உரியனவாக வழங்குவது, வலியின் இடத்தையும் இயல்பையும் சொல்லே உணர்த்தும் மரபைக் காட்டுகிறது. பட்டியல்களோ இவை அனைத்தையும் 'பெயின்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. வளமான மொழியிலிருந்து வளமான மொழிக்குச் செல்லும் வழியில், இடைப்பட்ட பட்டியல் இரண்டையும் வறியதாக்குகிறது.

தொடரமைப்பிலும் கவனம் வேண்டும். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்னும் தொடரில் நோயுறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, உறுப்பே எழுவாயாகிறது. ஆங்கிலம் நோயாளியை எழுவாயாக்கி, வலியை அவர் 'உடைமையாக' வைக்கிறது: 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்'. 'மை ஹெட் இஸ் பெயினிங்' என்னும் இந்திய ஆங்கில வழக்கைப் பிழையெனத் திருத்துவதோடு ஆசிரியர் நின்றுவிடாமல், அதன் பின்னணியில் தாய்மொழியின் தொடரியல் செயற்படுவதை விளக்கினால், திருத்தம் நிலைபெறும்.

5. ஒலிப்புக் குறிப்பின் இடர்

ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பைத் தமிழெழுத்தில் தருவது கற்றலுக்கு உதவும். எனினும் மருத்துவச் சொற்களில் அதற்கோர் எல்லை உண்டு. 'ஹைப்பர்டென்ஷன்', 'ஹைப்போடென்ஷன்' ஆகிய இரண்டும் நேரெதிர்ப் பொருளுடையவை. விரைந்த பேச்சில் இவற்றின் வேறுபாடு மிக மெலிது. இரத்தச் சர்க்கரையின் மிகைக்கும் குறைவுக்கும் இதே முன்னொட்டுகளே வருகின்றன. இரண்டிற்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. 'இலியம்' என்னும் ஒலிப்பு, இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் சிறுகுடலின் இறுதிப் பகுதிக்கும் உரியது. ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாட்டால் பிரியும் இவை, தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

'ஹைப்பர் – மிகை', 'ஹைப்போ – குறை', '-ஐட்டிஸ் – அழற்சி' எனச் சொல்லுறுப்புகளைத் தமிழ்ப்பொருளோடு கற்றவர்க்கு இக்குழப்பம் பெரிதும் நீங்கும். குடல்வால் அழற்சி, கல்லீரல் அழற்சி, மூட்டழற்சி என்பவற்றில் 'அழற்சி' ஒன்றே தொடர்ந்து வருவதை உணர்ந்தவர், முன்பின் கேளாத ஓர் ஆங்கில நோய்ப்பெயரையும் பிரித்துப் பொருள்காண முடியும். இங்குத் தமிழ், ஆங்கிலக் கல்விக்கு மாற்றாக நில்லாமல் அதன் திறவுகோலாகிறது.

6. கிரீனின் முன்னோடி முயற்சியும் இன்றைய விவாதமும்

இவ்வுறவை எண்ணிப்பார்க்க வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், முதலில் ஆங்கில வழியிலும் பின்னர்த் தமிழ் வழியிலும் மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. இத்தலைப்புகளே அவரது அணுகுமுறைக்குச் சான்றாகின்றன. முன்னிரண்டிலும் அக்காலத் தமிழ் மருத்துவ வழக்கில் பயின்ற சொற்கள் ஆளப்பட்டுள்ளன. மூன்றாவதில் ஆங்கில அடிச்சொல் தமிழ் ஈறு பெற்றுள்ளது. வழக்கில் உள்ளதை ஏற்றல், இல்லாததைத் தமிழ் ஒலிமரபுக்கு இசையத் தழுவல் என இருவழிகளையும் பொருளுக்கேற்ப அவர் கையாண்டுள்ளார். வடமொழிச் செறிவு மிக்க அச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன என்பது அம்முயற்சியின் குறையே. ஆயினும், சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளை வரையறுக்க வேண்டும் என்னும் அதன் உட்கிடை இன்றும் பொருந்தும்.

மருத்துவக் கல்வி குறித்த இன்றைய விவாதம் 'ஆங்கிலமே போதும்', 'தமிழே வேண்டும்' என இரு முனைகளில் நிற்கிறது. நோக்கத்தில் எதிரெதிரான இவ்விரண்டும், ஒரு சொல்லின் இடத்தில் மற்றொரு சொல்லை வைத்தால் போதும் என்னும் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றன; சொற்பட்டியலின் அடிப்படையும் அதுவே. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக்குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கிறது. இந்நால்வகையுள் பேசுவோர் மூவர்; மூவர் மொழியும் ஒன்றில்லை. மருத்துவர் பாடநூலில் ஆங்கிலத்தையும், நோயாளியிடம் வட்டாரத் தமிழையும், குறிப்பேட்டில் மீண்டும் ஆங்கிலத்தையும் ஆள்கிறார். ஒரு மொழியை மட்டும் கற்றுத்தரும் கல்வியால் இவ்விடைவழிப் பயணத்திற்கு அவரை ஆயத்தப்படுத்த இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• இருமொழிச் சொற்பட்டியல் தொடக்கநிலை நினைவுதவியாக மட்டுமே பயன்படும். மருத்துவச் சொற்கல்வியின் முழுவடிவமாக அதனைக் கொள்ளல் ஆகாது.

• ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் பொதுவழக்கு, துறைவழக்கு என்னும் அடுக்குக் குறிப்போடு கற்பிக்கப்பட வேண்டும். தமிழின் மக்கள் வழக்கு, சித்த மருத்துவ வழக்கு ஆகியவற்றை அதற்கு ஒப்புமையாகக் கொள்ளலாம்.

• கை, கால், சளி, மயக்கம் போன்ற பரந்த பொருளுடைய தமிழ்ச்சொற்களை முதலில் பகுத்து, அதன் பின்னரே ஆங்கில இணைகளைத் தர வேண்டும்.

• பேச்சுத்தமிழில் பொருள் மாறி வழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பாடத்தில் தனியிடம் வேண்டும்.

• முன்னொட்டு, பின்னொட்டு, வேர்ச்சொல் ஆகியன தமிழ்ப்பொருளோடு இணைத்துக் கற்பிக்கப்பட வேண்டும்.

இம்மாற்றங்களுக்குப் புதிய கருவிகள் தேவையில்லை. மாணவரிடம் ஏற்கெனவே உள்ள தமிழறிவைக் குறையாகக் கருதாமல் முதலாகக் கருதும் மனநிலையே தேவை. வட்டாரந்தோறும் நோயாளிகள் வழங்கும் நோய்ச்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளெல்லைகளை மருத்துவ ஆங்கிலத்தோடு ஒப்பிடும் ஆய்வுகள் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத் தக்கன.