'பேரன்பு' திரைப்படத்தில் பராமரிப்பும் தற்சார்பு வாழ்வும்

இயக்குநர் ராமின் 'பேரன்பு' (2019), மூளை முடக்குவாதமுற்ற பாப்பாவின் பருவ மாற்றத்தைத் தயக்கமின்றிக் காட்டியது. தமிழ்த் திரையில் இது அரிது. எனினும் அவளுக்கென அப்படம் காணும் இடங்கள் இரண்டே: தந்தையின் அரவணைப்பு, பிள்ளைகள் அடிபடும் காப்பகம். மகளைக் காப்பகத்திலிருந்து மீட்ட அமுதவன், இறுதியில் அவளுடன் கடலில் இறங்குவது மூன்றாம் வழியின்மையின் விளைவே. மீராவின் வருகையும் குடும்பத்தை விரிவாக்குகிறதேயன்றி, அதற்கு வெளியே ஓர் ஆதரவைக் காட்டவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 5இல், சமூகத்தில் வாழும் உரிமையையும் தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகளையும் குறிப்பிடுகிறது. அரக்கோணம் போன்ற நகரங்களில் வளரும் இளையோருக்கு அவை எட்டினாலன்றி, பெற்றோரின் அன்பே அவர்களது எல்லையாகிவிடும். தந்தைக்குப் பின் பாப்பா யாருடன், எவ்வாறு வாழ விரும்புகிறாள் என்னும் வினா படத்தில் எழவேயில்லை.