உமார் கய்யாமின் பாழிடமும் கவிமணியின் வனமும்

பாரசீக இலக்கியம் என்றவுடன், தமிழுக்கு யாதொரு தொடர்புமில்லாத தொலைநாட்டுச் செல்வமொன்றைப் பற்றிய பேச்சென்றே கற்போர் பலர் கருதுவர். ஆனால் வவுனியா நகரத்துப் பஜார் வீதியில் நடப்போர் வாயில் வழங்கும் 'பஜார்' பாரசீகச் சொல்லேயாகும். பாடசாலை விழாவிலே விருந்தினர்க்குப் போர்த்தும் சால்வையும், வரலாற்று நூல்களில் வரும் சிப்பாயும், அரசர் கூட்டிய தர்பாரும் அம்மொழி தந்தவை. ஆயினும் சொற்கள் வந்து சேர்தல் வேறு, இலக்கியம் வந்து சேர்தல் வேறு. சொற்கள் வணிகரோடும் படைவீரரோடும் அதிகாரிகளோடும் தாமே வந்துவிடும். இலக்கியத்தை ஒருவர் சென்று அழைத்து வரவேண்டும்.

வணிகர் வந்த வழி மிகப் பழையது. வன்னிப் பெருநிலத்துக்கு மேற்கே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் அருகே மாந்தைத் துறைமுகம் இருந்தது. அங்கே 1980களில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி மேற்காசியாவிலிருந்து வந்த மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்கமொழி ஆசிரியர், பாரசீகத்திலிருந்து குதிரைகள் இலங்கைக்கு வந்தன என்றும், மன்னன் அவற்றை வாங்கி வணிகர்க்குச் சுங்கவரி நீக்கினான் என்றும் குறிக்கிறார். பின்னர், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொணர்ந்த கல்லொன்றிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் ஒருங்கே பொறிக்கப்பட்டன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய இறைவனையும் போற்றுகின்றன. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலே பாரசீக எழுத்துக்கள் பெரிதும் தேய்ந்துவிட்டன. தமிழ்ப் பகுதியை வாசித்தறிய முடிகிறது. ஒரே கல்லில் இடம்பெற்ற இவ்விரு மொழிகளின் இலக்கியங்கள் ஒன்றையொன்று நேர்முகமாகக் காணாமற் போனமையே வியப்பு.

தமிழ் முஸ்லிம் புலவர் இதற்கு ஒரு விலக்கு. அவர்கள் கையாண்ட 'நாமா' என்னும் இலக்கிய வகை, பெயராலேயே பாரசீகத் தோற்றத்தைக் காட்டுவது. ஆனால் பொதுவான தமிழ்க் கல்வியுலகு அவ்வாயிலைத் திறந்து பார்த்தது குறைவு. அவ்வுலகுக்குப் பாரசீகக் கவிதை என்பது பெரும்பாலும் ஒரே நூலின் வாயிலாகவே அறிமுகமாயிற்று. அது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1945இல் வெளியிட்ட 'உமார் கய்யாம் பாடல்கள்'. கவிமணி அதனைப் பாரசீக மூலத்திலிருந்து பெயர்த்தாரல்லர். எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலத்தில் ஆக்கிய நூலைத் தழுவினார். எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியம் வழியாகப் புத்தரை 'ஆசிய ஜோதி'யாகத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. ஆசியாவின் இருபெருஞ் செல்வங்கள் இலண்டன் சுற்றி நாஞ்சில் நாட்டை அடைந்தன.

இச்சுற்றுவழியிலே நேர்ந்தது யாது என்பதை ஒரு பாட்டைக் கொண்டே ஆராயலாம். மரநிழல், மது, கவிதை நூல், பாடும் துணை ஆகியவற்றைக் கூறும் பாட்டு அது. அந்நூலில் யாவரும் அறிந்ததும் அதுவே. ஹெரன்-அலன் என்பார் 1899இல் ஆங்கிலப் பாட்டுக்களையும் பாரசீக மூலங்களையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். பிட்ஸ்ஜெரால்டின் பாட்டுக்களில் நாற்பத்தொன்பது தனித்தனி மூலங்களை ஒட்டியவை என்றும், நாற்பத்து நான்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களை இணைத்தவை என்றும் அவர் கண்டார். நிழற் பாட்டு இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. அதன் மூலப் பாட்டுக்களில் ஒன்று செம்மணி நிறத்து மதுவும் பாடற் றொகுதியும் அரை ரொட்டியும் கேட்கிறது. மற்றது கோதுமை ரொட்டியோடும் மதுவோடும் ஆட்டுத் தொடை ஒன்றையும் விரும்புகிறது. சைவ மடத்துத் தம்பிரானிடம் தமிழ் பயின்ற கவிமணிக்குத் தொல்லை நேராதவாறு, ஆட்டுத் தொடையைப் பிட்ஸ்ஜெரால்டு முன்னரே அகற்றிவிட்டார். எஞ்சியிருந்த ரொட்டியைக் கவிமணி தாமே விட்டொழித்துத் தென்றலைக் கொணர்ந்தார். பெயரில்லாதிருந்த கவிதை நூலைக் கம்பன் கவியாக்கினார். இம்மாற்றம் பலராலும் பாராட்டப்பட்டது, பாராட்டத் தக்கதுமாகும். கவிதை நூல் ஒன்றைக் கையிலேந்தி மகிழ்வோன் தன் தாய்மொழிக் கவியை ஏந்துவதே இயல்பு.

ஆனால் இன்னொரு மாற்றம் பேசப்படாமலே உள்ளது. பாரசீகப் பாட்டுக்கள் இரண்டிலும் இருவர் அமர்ந்திருக்கும் இடம் 'வீரானி' எனப்படுகிறது. அது காடன்று. மனிதர் ஒருகாலத்தில் வாழ்ந்து, பின்னர் அழிந்துபட்ட இடம்; தமிழில் 'பாழ்' என்னும் சொல் அதற்கு முற்றும் பொருந்தும். பிட்ஸ்ஜெரால்டு அதனை ஆளில்லா வனாந்தரம் ஆக்கினார், கவிமணி வனமாக்கினார். மூலத்தில் அப்பாழிடத்து இன்பம் சுல்தானின் ஆட்சியினும் மேலானதென ஒப்பிடப்படுகிறது. ஆங்கிலத்தில் சுல்தான் மறைந்து சொர்க்கம் வந்தது. கவிமணி அச்சொர்க்கத்தை ஏற்று, பாட்டை வினாவாக்கி முடித்தார்.

இது சொல்லளவான வேறுபாடன்று. அரசுகள் எழுந்தும் வீழ்ந்தும் போன குராசானிலே, இடிந்த சுவர்களுக்கிடையே இருந்துகொண்டு, அச்சுவர்களை எழுப்பிய அதிகாரத்தைப் பார்த்து நகைப்பதே மூலப் பாட்டின் உயிர். வனத்தில் அமர்ந்திருப்போன் யாரைப் பார்த்தும் நகைப்பதில்லை. வன்னி மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. காடு என்பது எது, பாழ் என்பது எது என அவர்கள் நன்கறிவர். 2009ஆம் ஆண்டுப் போர் முடிந்தபின் மீளக் குடியமர வந்தோர் தம் ஊர்களிற் கண்டது வனமன்று. கூரையிழந்த சுவர்களும், முற்றத்தில் முளைத்த பற்றைகளும், தூர்ந்த கிணறுகளுமே. அத்தகைய இடத்திலே அரை ரொட்டியோடு ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்து, இது மன்னன் ஆட்சியினும் சிறந்தது என ஒருவன் கூறுவானாயின், அது களிமகன் கூற்றாகாது. தமிழ் நூலில் உமார் இன்பம் நாடும் இனிய கவிஞராகவே நின்றுவிட்டமைக்கு இவ்விடமாற்றமும் ஒரு காரணமாகும்.

யாப்பை நோக்கின் நிலைமை வேறு. பாரசீக நாலடிப் பாட்டு 'ருபாயி' எனப்படும். அதிலே அடியிறுதியில் இயைபு அமையும். மூன்றாமடியை இயைபின்றி விடுவதும் உண்டு, நான்கடியும் இயைவதும் உண்டு. பிட்ஸ்ஜெரால்டு முன்னதையே பெரும்பாலும் கைக்கொண்டமையால், ருபாயி என்றால் அதுவே என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியது. தமிழ் விருத்தமோ அடிதொறும் முதற்சீரில் எதுகை வேண்டுவது; மூன்றாமடி தனித்து நிற்க அங்கு இடமில்லை. இதனைத் தமிழ் வடிவின் குறையாகக் கூறுவாரும் உளர். ஆனால் மேற்கூறிய மூலப் பாட்டுக்கள் இரண்டிலும் நான்கடியும் இயைந்தே நிற்கின்றன. ஆகவே கவிமணி, தாம் அறியாமலே, ஆங்கிலத்தைக் கடந்து மூலத்தின் ஓசையமைதியை அணுகினார். சொல்லிலே தொலைத்ததை ஓசையிலே ஓரளவு மீட்டார் எனலாம். அவருடைய பாட்டுக்கள் இன்றும் வாய்விட்டுப் பாடத்தக்கனவாய் இருத்தலும் இவ்வோசையாலேயே.

கருத்தளவில் உமார் தமிழருக்குப் புதியவரல்லர். நிலையாமையைத் தமிழர் போலப் பாடியோர் சிலரே. ஆனால் பட்டினத்தார் நிலையாமையைக் கண்டு துறவுக்குச் செல்கிறார். உமார் அதே நிலையாமையைக் கண்டு இந்நாளைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். குயவனைப் பற்றிய பாட்டுக்களை ஒப்பிடின் இது இன்னும் தெளிவாகும். புறநானூற்றிலே இருவேறு பாட்டுக்கள் (228, 256) கலம் செய்யும் குயவனை விளித்து, இறந்தோரைக் கவிக்கும் தாழியைப் பற்றிப் பேசுகின்றன. அங்கே மண் இறந்தவனை ஏற்கிறது. உமாரிடமோ இறந்தவனே மண்ணாகி, குயவன் கையிற் குடமாகித் திரும்பி வருகிறான். ஒரே சக்கரத்தின் இருபக்கங்கள் இவை. இவ்வொப்புமையைத் தமிழ்த் திறனாய்வாளர் விரித்துரைத்திருப்பின், உமாரை மதுக்கவிஞர் என்று மட்டும் கொண்டாடும் நிலை நேர்ந்திராது. அவர் நிஷாப்பூரில் வாழ்ந்த கணித வல்லுநர், 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்தோருள் ஒருவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் பெயரில் வழங்கும் பாட்டுக்களில் எத்தனை அவருடையன என்பது முடிவுபெறாத வழக்கு. பிட்ஸ்ஜெரால்டு பெரிதும் சார்ந்திருந்த ஒக்ஸ்போர்டு ஏட்டுப் பிரதியே, உமார் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1460ஐ ஒட்டி எழுதப்பட்டது.

கவிமணியின் நூல் தமிழ்ப் பாட்டாக முதற்றரமானது. பாரசீகத்துக்குச் சாளரமாகக் கொள்ளின் அது மிகச் சிறியது. பிர்தௌசியின் வீரகாவியமும், சாதியின் உலகியலறிவும், ஹாபிசின் இருபொருள் படும் சொல்லாட்சியும் அச்சாளரத்திற் புலப்படா. பாரசீகரோ இந்திய நூல்களை நேரே நின்று பெயர்த்தனர்: முகலாய இளவரசர் தாரா சுகோ 1657இல் பண்டிதர் துணைகொண்டு உபநிடதங்களைப் பாரசீகமாக்கினார். ஐரோப்பா உபநிடதங்களை முதலில் அறிந்தது அப்பாரசீக நூலிலிருந்து செய்யப்பட்ட இலத்தீன் பெயர்ப்பினாலேயே.

தமிழகத்திலும் பாரசீகம் நேரே கற்றோர் இல்லாமலில்லை. ஆர்க்காட்டு நவாபுகளின் அவையிலே அது ஆட்சிமொழியாய் இருந்தது. அங்கே எழுந்த 'துசுக்கி வாலாஜாகி' என்னும் வரலாற்று நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். முகம்மது ஹுசைன் நயினார் மூலத்திலிருந்தே பெயர்த்து 1934இலும் 1939இலும் வெளியிட்டார். ஆனால் அவர் பெயர்த்தது ஆங்கிலத்தில். பாரசீகம் அறிந்தவர் ஆங்கிலத்துக்கு எழுதினார்; ஆறாண்டுகளின் பின் தமிழுக்கு எழுதியவர் ஆங்கிலத்திலிருந்து எடுத்தார்.