இணையமின்றிப் படிக்கும் கலைக்களஞ்சியம்: ஒரு பதிப்பியல் நோக்கு

கலைக்களஞ்சியம் என்றவுடன் தமிழறிஞர் நினைவிற்கு வருவது, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலாகும். அக்கழகத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் திருப்பூரிற் பிறந்தவர். முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரனும் கொங்கு நாட்டவரே. அம்மரபில் வைத்து எண்ணத்தக்கது 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதன் கட்டுரைகளைப் படியெடுத்து, இணைய இணைப்பில்லாக் கணினியிலும் படிக்கச் செய்வது கிவிக்ஸ் என்னும் மென்பொருள். பள்ளிகட்கு இதனால் விளையும் நன்மை வெளிப்படை. ஆயினும் இதனை வெறும் படியெனக் கொள்வதா, பதிப்பெனக் கொள்வதா என்பது ஆராயத்தக்கது.

பதிப்பெனக் கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து. மூலமோ நாடோறும் திருத்தம் பெறுவது. படியோ எடுத்த நாளில் நின்றுவிடுவது. தாராபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1979 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பின்னர், பிற்காலத்தில் ஈரோடு எனப் பெயர் பெற்ற புதிய பெரியார் மாவட்டத்தில் அடங்கியது. 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திற்கு உரியது. பழைய அச்சுத் தொகுதி அதனைக் கோவை மாவட்டத்து ஊர் எனக் கூறின் அது பிழையன்று; நூலின் முகப்பிலுள்ள ஆண்டு அக்கூற்றை வரலாறாக்கிவிடுகின்றது. கிவிக்ஸ் படிகளின் கோப்புப் பெயரிலும் ஆண்டும் திங்களும் உள. ஆனால் மாணவர் படிப்பது பக்கத்தையேயன்றிக் கோப்பின் பெயரையன்று. காலமறியாது படிப்போர்க்குப் பழஞ்செய்தியும் இன்றைய உண்மையாகத் தோன்றும்.

இனி, தேர்வு பற்றிய வினா. முழுப்படி, படமில்லாப் படி, முன்னுரை மட்டும் கொண்ட சுருக்கப்படி என இவை பலவகைப்படும். இடம் சிறிதெனக் கருதிப் படமில்லாப் படியைக் கொள்வது எளிது. ஆனால் நெசவு பாவும் ஊடும் குறுக்கிட்டு அமைவது. பின்னல் கண்ணியொடு கண்ணி கோத்து அமைவது. பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் இவ்வேறுபாட்டைச் சொல்லினும் படமே விளக்கவல்லது. எதனை விடுவது என்று துணிவதும் பதிப்பாசிரியர் பணியேயாம்.

ஆதலின், படியைப் பள்ளிக்கு வழங்குவோர் அதன் காலத்தையும் வகையையும் கணினியருகே எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்படி மாற்றுதலும் வேண்டும். மாணவர் காணும் பிழைகளைக் குறிக்க ஓர் ஏடும் இருத்தல் நன்று. ஆசிரியர் இணைப்புள்ள இடத்தில் அவற்றை மூலத்திற் சேர்ப்பாராயின், அடுத்த படி அப்பள்ளியின் திருத்தத்தையும் தாங்கி வரும். அன்றேல், எவரும் திருத்தலாம் என்னும் இக்களஞ்சியத்தின் தலையாய இயல்பு அம்மாணவர்க்கு எட்டாமலே போம்.