வாங்குகிறவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

எம்.ஏ. தமிழ் படிக்கையில் எனக்கு ஏறிய முதல் கோட்பாட்டுப் போதை ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்பது. ரோலன் பார்த் 1967இல் அறிவித்த அந்தச் சாவுக்கு நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் பந்தல் போட்டுக் கொண்டாடின. பழைய இதழ்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வாசகனின் பட்டாபிஷேகம்தான். சரி, அந்த வாசகன் கையில் நிஜமாகவே கதையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

‘அரேபிய இரவுகளின் கதைகள்’ என்ற பலகை விளையாட்டு அப்படிக் கொடுக்கத்தான் முயல்கிறது. எரிக் கோல்ட்பர்க் வடிவமைப்பில் 1985இல் அமெரிக்காவில் வெளிவந்து, 2009இல் விரிவாக்கி மறுபதிப்பானது. நண்பர் அறையில் மூன்று இரவுகள் ஆடினோம். பாக்தாதிலிருந்து கிளம்ப வேண்டும். வழியில் ஒரு பிச்சைக்காரனோ மந்திரவாதியோ ஜின்னோ எதிர்ப்படும். உதவலாம், கொள்ளையடிக்கலாம், தாக்கலாம். நான் தேர்வைச் சொன்னதும் அட்டவணையில் ஒரு எண் கிடைக்கும். பகடை அதில் ஒன்றைக் கூட்டும், குறைக்கும் அல்லது சும்மா விடும். அந்த எண்ணுள்ள பத்தியை இன்னொருவர் உரக்க வாசிப்பார். இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள். பைத்தியம் பிடித்துவிட்டால் என் முடிவுகளைப் பக்கத்திலிருப்பவர் எடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, விடிய விடிய சிரித்துக் கிடந்தோம்.

எனக்கு வாய்த்த பாத்திரம் ஸுமுருத். ஆயிரத்தொரு இரவுகளில் அவள் ஓர் அடிமைப்பெண். சந்தையில் ஏலம் போகிறாள். ஆனால் அவள் சம்மதிக்கிறவனுக்குத்தான் விற்பதென்று ஒப்பந்தம். வருகிற கிழவர்களையெல்லாம் நக்கலடித்து விரட்டுகிறாள். கடைசியில் கையில் காசில்லாத அலீ ஷாரைப் பிடித்துப்போக, தன் பணத்தையே அவனிடம் கொடுத்துத் தன்னை வாங்க வைக்கிறாள். யாருக்கு விலைபோவது என்பதை அவள் தேர்ந்தெடுக்கிறாள். விலைபோவதா வேண்டாமா என்பது அவள்முன் வைக்கப்படவே இல்லை. பங்கேற்புப் புனைவு வாசகனுக்குத் தரும் சுதந்திரத்தை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை. கொள்ளையடி, உதவு, ஓடு என்ற பட்டியலை எழுதியவன் யார் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அரபு வாய்மொழி மரபில் கேட்கிறவனுக்குப் பங்கு இல்லையா என்றால், நிறைய உண்டு. எகிப்தில் நைல் கழிமுகத்தில் அல்-பகாத்தூஷ் என்றொரு ஊர். பனூ ஹிலால் காவியம் பாடும் பாணர்கள் அங்கே இருந்தார்கள். எண்பதுகளில் அவர்களோடு இருந்து டுவைட் ரெனால்ட்ஸ் எழுதிய நூல் 1995இல் வந்தது. பாட்டுக்குக் கூடுகிற கூட்டம் இந்தப் பகுதியைப் பாடு என்று கேட்கும், குறுக்கே பேசும், வியக்கும். அதே கூட்டம் பாணரை நாடோடிச் சாதியென்று கீழாகவும் நடத்தும். காவியத்திலோ, கறுத்த நிறத்தோடு பிறந்ததாலேயே தாயோடு துரத்தப்பட்ட நாயகன் அபூ ஸைத், காரியம் ஆகவேண்டிய இடத்திலெல்லாம் பாணன் வேஷம் போட்டு அரசவைகளுக்குள் நுழைகிறான். அங்கே பாணனுக்கு நடக்கிற அவமரியாதையைப் பாடும்போது, எதிரே உட்கார்ந்து கூலி கொடுக்கிற ஊர்க்காரனுக்கு எங்கே உறைக்கும் என்பது பாடுகிறவருக்குத் தெரியும். கேட்பவன் கதையை இழுக்கிறான், சொல்பவன் திருப்பி அடிக்கிறான். என் கைப்பகடை யாரையும் எதிர்கொள்ளவில்லை. திருப்பி அடிக்க அங்கே ஆளில்லை.

‘வெறும் விளையாட்டுதானப்பா’ என்றார் நண்பர். அவர் அலாவுதீனாக ஆடிக்கொண்டிருந்தார். அலாவுதீன் கதைக்கும் அலிபாபா கதைக்கும் பழைய அரபுச் சுவடி கிடையாது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிஸில் அந்துவான் கலானுக்குச் சொன்ன கதைகள் அவை. கலானின் நாட்குறிப்பில் அவர் இருக்கிறார். அச்சான தொகுதிகளில் இல்லை. அரச நூலகத்தில் வேலை என்று ஆசைகாட்டி அவரைக் கூட்டிவந்தவர் வேறொரு பிரெஞ்சுப் பயணி. வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்பித் துணி வியாபாரம் செய்தார். முதுமையில் அவர் எழுதிய பயண நூலை வத்திக்கான் நூலகத்தில் 1993இல்தான் அடையாளம் கண்டார்கள். கிழவருக்குச் சில இரவுகள் குறைந்தன, நான் கதை சொல்லி நிரப்பினேன் என்ற அளவில் அதில் போகிறபோக்கில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

ஆசிரியனின் சாவைக் கொண்டாடிய எங்களுக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கத்தான் வேண்டும். ஆசிரியன் என்ற இடமே தரப்படாதவர் எந்தக் கணக்கில் சாவது? அவருடைய கதையின் முடிவை நான் மாற்றி எழுதினால் அது யாருடைய விடுதலை?

மூன்றாம் இரவு இன்னொரு நண்பர் ஷெஹர்ஸாத்தாக ஆடினார். ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் வாசிக்கிற கதையை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.