பனிவயலில் விரித்த துணி

பிப்ரவரிக் கடைசியில் வானம் தெளிந்த காலையாகப் பார்த்துத்தான் துணிச்சுருளோடு கிளம்புவார்கள். ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து மினாமி உவோனுமாவில் அப்போது நெல்வயலெல்லாம் பனிக்கு அடியில் கிடக்கும். மேலே சுவடு படாத வெள்ளை. அதில் ஈரத்துணியைச் சுருக்கம் விழாமல் நீளநீளமாக விரிப்பார்கள். வெயில் ஏறினால் மேற்பனி ஆவியாகும். அந்த வெயிலும் ஆவியோடு எழும் ஓசோனும் சேர்ந்து நாரின் பழுப்பை நீக்கும் என்கிறார்கள். சாயமிட்ட கோலம் அப்படியே துலங்கும். 10 முதல் 20 நாள் இப்படிக் கிடக்க வேண்டும். பல வருடம் உடுத்திப் பழுப்பேறிய கிமோனோக்களும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் பெண்களைப் போல, இந்த வயலுக்கே திரும்பி வருகின்றன.

எச்சிகோ ஜோஃபு, ஓஜியா சிஜிமி என்ற இந்த நெசவுகளில் பனி கடைசியில் மட்டும் வந்து கைகொடுப்பதல்ல. காஞ்சொறிக் குடும்பத்து ராமிச் செடியின் நாரை நகத்தால் கீறி நூலாக்குகிறார்கள். காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். பனி சூழ்ந்த வீட்டின் ஈரக்காற்றுதான் அதைக் காக்கிறது. இடுப்போடு வார் கட்டிய தறியில் நெய்து, வெந்நீரில் போட்டுக் காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். 2009இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1837லேயே ஷியோசாவா ஊர் வணிகர் சுஸுகி போகுஷி, தம் ஊர்ப் பனியையும் இந்தத் துணியையும் ‘ஹொகுஎத்சு செப்பு’ நூலில் படங்களோடு விவரமாகப் பதிந்துவிட்டார்.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு எச்சிகோ மலைகளில் மோதுகிறது. அதனால் இங்கே விழுவது கனத்த, ஈரமான பனி. கூரையில் விட்டுவைத்தால் வீடே நொறுங்கும். காட்சிக்குத் துணி வெளுப்பதுதான் அழகு. கைத்திறனுக்கு நான் கூரைப்பனியை அகற்றும் வேலையைத்தான் சொல்வேன். அதற்குப் போகுஷி காலத்தில் பீச் (beech) மரத்தில் செதுக்கிய மண்வாரிகள். இன்று உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருகின்றன. பனியைக் கட்டிகட்டியாக வெட்டித் தள்ள வேண்டும். கடைசி அடுக்கை வழித்தெடுக்கக் கூடாது. கூரைக்கு அதுதான் காப்பு, காலுக்கு அதுதான் பிடிமானம். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது: ஆண்டுதோறும் வழுக்கி விழுந்து இறப்பவர்கள் உண்டு, பெரும்பாலும் முதியவர்கள். அந்த ஆபத்தை மறந்துவிட்டு இந்த வேலையை ரசிக்க முடியாது.

சன்னலுக்கு உள்ளிருந்து பார்ப்பவருக்குப் பனி என்பது வெறும் வெள்ளை. வெட்டிச் சுமந்தவருக்குத்தான் காலைப்பனி வேறு, மதியப்பனி வேறு என்று தெரியும். விளையாட்டுக்கும் அந்த அறிவே மூலதனம். ஜனவரி நடுவில் பிள்ளைகள் பனியைக் குவித்துக் குடைந்து குகை செய்து, உள்ளே மோச்சி என்ற அரிசிப் பண்டத்தைச் சுட்டுத் தின்கிறார்கள். ஈரப்பனி இறுகி நிற்பதால்தான் அந்தக் குகை சரிவதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஷிமிவத்தாரி. குளிர்கால முடிவில் பகல் வெயிலில் மேற்பனி சற்று இளகும். மேகமற்ற இரவில் அது பலகையாக உறையும். விடிந்ததும் வரப்பில்லை, வாய்க்காலில்லை, வேலியில்லை. எல்லாம் காலுக்கடியில். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சாலையை விட்டுவிட்டு நேர்கோட்டில் ஓடலாம். பெரியவர்களும் கூடவே நடக்கிறார்கள். ஆனால் வெயில் உறைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் அடிக்கு அடி கால் தொடைவரை புதையும்.