கோட்டோவியத்திலிருந்து நீண்ட கை

எண்பதுகளில் சிந்தசைசர் இசையோடு வெளிவந்த மேலைநாட்டு வீடியோப் படங்களில் புகைமூட்டமும் அலைபாயும் திரைச்சீலைகளும் மலிந்திருந்தன. வியப்பூட்டுவதற்கென்றே சேர்த்த அவ்விந்தைகள் பெரும்பாலும் சலிப்பையே தந்தன. நார்வே நாட்டின் ‘ஆ-ஹா’ குழுவினர் பாடிய ‘டேக் ஆன் மீ’ அவ்வாறன்று; அதன் விந்தைக்கு ஒரு தேவை இருந்தது.

1984-இல் குழுவினர் வெறுமனே பாடி ஆடும் படத்துடன் வந்த அப்பாடல் எடுபடவில்லை. பாடலைத் திருத்திப் பதிவு செய்து, 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய புதிய படத்துடன் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. உணவு விடுதியில் சித்திரக்கதை படிக்கும் பெண்ணை நோக்கி, பென்சில் கோடுகளாலான கையொன்று தாளிலிருந்து நீள்கிறது. அவள் அதைப் பற்றி உள்ளே போகிறாள். காசு தராமல் போய்விட்டாளே என்ற சினத்தில் பணிப்பெண் அந்நூலைக் கசக்கிக் குப்பையில் எறிகிறாள்! கனவுக்குள் இந்த அன்றாடக் கோபம் நுழைவதே படத்தின் உயிர். துரத்திவரும் முரடர்கள் இல்லாமலே கதை நின்றிருக்கும்.

மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் படச்சட்டங்களின்மேல் கையால் வரைந்தவை ஏறத்தாழ 3,000 ஓவியங்கள். உழைப்பு 16 வாரங்கள். கோடுகள் நடுங்குவது அதனால்தான். இறுதியில் அம்மனிதன் மெய்யுடல் பெற வேண்டிச் சுவர்களில் மீண்டும் மீண்டும் மோதுகிறான். ஒரு கணம் கோடு, மறுகணம் தசை. பார்க்கும் நமக்கும் வலிக்கிறது.